நாலு சக்கர பைக் டயருக்கு எந்தக் கேஜ் வாங்குவது?

குவாட் பைக் என்று நாம் சொல்லும் ஏ.டி.வி. வண்டியின் டயர் பார்ப்பதற்குப் பெரிது. உள்ளே இருக்க வேண்டிய காற்றோ மிகக் கொஞ்சம். மோட்டார் சைக்கிளுக்கு 28, 30 என்று அடித்துப் பழகியவர்களுக்கு இது முதலில் நம்பக் கஷ்டமாக இருக்கும். பெரும்பாலான ஏ.டி.வி.களுக்கு 3 பி.எஸ்.ஐ.யிலிருந்து 7 பி.எஸ்.ஐ. வரைதான் கணக்கு. (பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை இறாத்தல் அழுத்தம் என்ற அளவு.) பொத்துவில் பக்கத்து மணல் மேட்டில் ஓடினாலும் சரி, சம்மாந்துறை வயல் பாதையில் ஓடினாலும் சரி, அந்த வண்டியின் பிடிமானமும் மெத்தென்ற ஓட்டமும் இந்தக் கொஞ்சக் காற்றில்தான் இருக்கிறது.

30 பி.எஸ்.ஐ. டயரில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. 5 பி.எஸ்.ஐ. டயரில் அதே ஒன்று என்பது ஐந்தில் ஒரு பங்கு. கூடினால் வண்டி துள்ளும், மணலில் புதையும், சரிவில் தடுமாறும். குறைந்தால் ஹேண்டில் கனக்கும், கல்லில் ஏறும்போது ரிம் நெளியும். வேகமாக வளைக்கும்போது டயரின் ஓரம் ரிம்மை விட்டுக் கழன்று காற்று முழுவதும் ஒரே நொடியில் போய்விடவும் கூடும். அதனால்தான் பம்புக்கு முன்னால், காற்றின் அழுத்தத்தை அளக்கும் கேஜை வாங்குங்கள் என்று சொல்கிறேன். அதுவும் குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த கேஜ். புதிதாக வண்டி வாங்கியவர்களுக்கும், கடற்கரையில் வாடகை வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன்.

வண்டி எவ்வளவு கேட்கிறது?

கடைக்குப் போகும் முன் வண்டியைப் பாருங்கள். மட்கார்டிலோ சீட்டுக்குக் கீழேயோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் டயருக்கு ஓர் எண், பின் டயருக்கு ஓர் எண். இரண்டும் ஒன்றாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். பல ஜப்பானிய வண்டிகளில் கிலோபாஸ்கல் கணக்கில் போட்டிருப்பார்கள். அதை 6.9ஆல் வகுத்தால் பி.எஸ்.ஐ. வந்துவிடும். 35 கிலோபாஸ்கல் என்றால் ஏறக்குறைய 5 பி.எஸ்.ஐ., 30 என்றால் 4.4, 25 என்றால் 3.6. சில ஸ்டிக்கரில் சதுர சென்ரிமீற்றருக்கு 0.35 கிலோகிராம் என்று இருக்கும். அதுவும் 5 பி.எஸ்.ஐ.தான். பார் கணக்கில் 5 பி.எஸ்.ஐ. என்பது 0.34 பார்.

பழைய வண்டி வாங்கி ஸ்டிக்கர் அழிந்துபோயிருந்தால், அதே மாடலின் கைநூலை இணையத்தில் தேடி எடுங்கள். பக்கத்து வண்டிக்காரர் சொல்லும் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருடைய வண்டியின் எடை வேறு, டயர் வேறு.

டயரின் பக்கச் சுவரிலும் ஓர் எண் அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். டயரைப் புதிதாக ரிம்மில் ஏற்றி உட்கார வைக்கும்போது அதற்கு மேல் போகக் கூடாது என்ற எல்லையைத்தான் பெரும்பாலும் அங்கே போட்டிருப்பார்கள். ஓட்டுவதற்கான அழுத்தத்தை விட அது பல மடங்கு அதிகம். புதிதாக வருகிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்துக் காற்றடித்துவிட்டு, வண்டி ஏன் இப்படி உதறுகிறது என்று கேட்கிறார்கள். ஓட்டும் அழுத்தத்துக்கு ஸ்டிக்கரையும் கைநூலையும் மட்டும் நம்புங்கள்.

முன் பின் எண் இரண்டையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கேஜ் வாங்குவதற்கு அந்த எண்கள் வேண்டும்.

டயலின் கடைசி எண்

கேஜ் கையில் வந்ததும் பிராண்டைப் பார்ப்பார்கள், பளபளப்பைப் பார்ப்பார்கள். நீங்கள் டயலின் கடைசி எண்ணைப் பாருங்கள். என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

காரணம் இதுதான். கேஜின் பிழையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் முழு அளவின் சதவீதமாகத்தான் சொல்வார்கள். 0 முதல் 60 வரை அளக்கும் கேஜ் ஒன்று 3 சதவீதம் பிழை விடலாம் என்றால், அந்த 3 சதவீதம் நீங்கள் வாசிக்கும் எண்ணுக்கு இல்லை, 60க்கு. அதாவது 1.8 பி.எஸ்.ஐ. முள் 5இல் நிற்கும்போது உள்ளே 3.2 இருக்கலாம், 6.8ம் இருக்கலாம். கேஜில் பழுது எதுவும் இல்லாமலே இது நடக்கும். நெல் மூட்டை நிறுக்கிற தராசில் மிளகு நிறுத்தால் வேறென்ன கிடைக்கும்?

இதையே 0 முதல் 15 வரை அளக்கும், 2 சதவீதம் பிழை விடும் கேஜில் பாருங்கள். பிழை 0.3 பி.எஸ்.ஐ.தான். 5 என்று காட்டினால் உள்ளே 4.7க்கும் 5.3க்கும் இடையில் இருக்கிறது. இது நம்பி ஓட்டக்கூடிய கணக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. டயல் கேஜ் நடுவில்தான் நன்றாக வேலை செய்யும். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் ஏ.எஸ்.எம்.இ. பி40.100 தரத்தில், ‘பி’ வகுப்புக் கேஜுக்கு டயலின் நடுப் பாதியில் 2 சதவீதப் பிழை வரை சம்மதம், தொடக்கக் கால் பகுதியிலும் கடைசிக் கால் பகுதியிலும் 3 சதவீதம். ‘ஏ’ வகுப்பு என்றால் நடுவில் 1, இரு ஓரமும் 2. ஆகவே உங்கள் எண் டயலின் நடுப் பாதிக்குள் விழ வேண்டும். 4, 5, 6 என்று ஓட்டுகிறவர்களுக்கு 0–15 கேஜ் சரி. 3, 3.5 என்று ஓட்டுகிறவர்களுக்கு 0–10 இன்னும் நல்லது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஓட்டும் பெரிய வகை வண்டிகளுக்கு 10, 12 என்று கேட்கும், அவர்களுக்குத்தான் 0–30. ஏ.டி.வி.க்கு மட்டும் என்றால் 30 வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்க்கும்போது கையில் பட்டி கட்டி ஒரு டயலைப் பார்ப்பார்களே, அதன் கடைசி எண் பொதுவாக 300. அது மில்லிமீற்றர் இரசக் கணக்கு. பி.எஸ்.ஐ.க்கு மாற்றினால் 5.8தான் வரும். கையில் கட்டும் அந்தப் பட்டிக்குள் ஏறுகிற அளவு அழுத்தத்தில்தான் இவ்வளவு பாரமான வண்டி நிற்கிறது. அந்தக் கருவியை டயரில் மாட்டச் சொல்லவில்லை. எவ்வளவு நுட்பமான அளவைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

டயலா, பென்சிலா, டிஜிட்டலா?

டயல் கேஜைத்தான் புதியவர்களுக்குச் சொல்வேன். அதன் உள்ளே C எழுத்துப் போல வளைந்த, தட்டையான ஒரு பித்தளைக் குழாய் இருக்கிறது. யூஜின் பூர்டோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. இன்றைக்கும் அதே ஏற்பாடுதான். காற்று உள்ளே போனதும் குழாய் நிமிரப் பார்க்கும், அந்தச் சிறு அசைவைப் பல்சக்கரம் பெருக்கி முள்ளைத் திருப்பும். குறைந்த அழுத்தக் கேஜில் இந்தக் குழாய் மெல்லியது, இலகுவில் வளையக்கூடியது. அதனால்தான் 5க்கும் 5.5க்கும் வித்தியாசம் காட்டுகிறது. அதனாலேயே 30 பி.எஸ்.ஐ. மோட்டார் சைக்கிள் டயரில் ஒரு தடவை வைத்தாலும் குழாய் அளவுக்கு மேல் நிமிர்ந்து, திரும்பி வராமல் போய்விடலாம். அதன் பின் அந்தக் கேஜ் சொல்வது எதையும் நம்ப முடியாது.

பென்சில் கேஜ் என்பது உள்ளிருந்து ஒரு கோல் வெளியே வந்து எண் காட்டும் வகை. 1 முதல் 20 வரை, அரைப் பி.எஸ்.ஐ. கோடுகளோடு, குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்ததும் கிடைக்கும். பாரமில்லை, பற்றரி வேண்டாம், டூல்ஸ் பைக்குள் மூலையில் கிடக்கும். ஆனால் மணல் புகுந்தால் கோல் சிக்கும், நம் கடற்கரையில் மணல் புகாத பை இல்லை. இரண்டாவது கேஜாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிஜிட்டலில் வாசிக்கிறது சுலபம், இருட்டிலும் தெரியும். அதில் 5.3 என்று தசமத்தோடு காட்டுவதைப் பார்த்து அவ்வளவு துல்லியம் என்று எண்ணிவிடாதீர்கள். 150 பி.எஸ்.ஐ. வரை அளக்கும் டிஜிட்டல் கேஜில் முழு அளவுக்கு 1 சதவீதம் பிழை என்றால் 1.5 பி.எஸ்.ஐ. ஆகிவிட்டது. திரையில் தசமம் இருப்பது வேறு, அந்தத் தசமம் உண்மையாக இருப்பது வேறு. பெட்டியில் பிழை அளவு என்ன போட்டிருக்கிறது என்று வாசியுங்கள். அளவு குறைவாகவும் பிழை அரைப் பி.எஸ்.ஐ.க்குள்ளும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். பற்றரி மூடியில் உப்புக் காற்று படாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பாடு.

கடையில் பார்க்க வேண்டியவை

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று எந்த ஊர் ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் கேட்டாலும் முதலில் எடுத்துத் தருவது கார், மோட்டார் சைக்கிள் கேஜாகத்தான் இருக்கும். அவர்கள் மேல் குற்றமில்லை, கேட்டு வருகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். “0–15, இல்லாவிட்டால் 0–10 கேஜ் வேணும்” என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், கொண்டுவந்து தரச் சொல்லியும் கேளுங்கள். கொழும்புக்குப் போகிற யாரும் இருந்தால் பஞ்சிகாவத்தையில் தேடச் சொல்லலாம். இணையத்தில் வாங்குவதானால் டயலின் படத்தைப் பெரிதாக்கிக் கடைசி எண்ணை வாசித்துவிட்டு வாங்குங்கள்.

கையில் எடுத்ததும் முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். சில டயல்களில் பூச்சியத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தடுப்பு ஊசி இருக்கும். முள் அதில் சாய்ந்து கிடக்கும், உள்ளே வளைந்த கேஜாக இருந்தாலும் வெளியே நல்ல பிள்ளை போல் பூச்சியம் காட்டும். தடுப்பு இல்லாத டயல் கிடைத்தால் அதை எடுங்கள். அது உண்மையை மறைக்காது.

கோடுகள் அரைப் பி.எஸ்.ஐ.க்கு ஒன்றாவது இருக்க வேண்டும். ஒரு பி.எஸ்.ஐ.க்கு ஒரு கோடு என்றால் வேண்டாம். டயல் 2 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் குனிந்து பார்க்கும்போது கண்ணுக்குச் சுகம்.

அப்புறம் ஹோஸ். வால்வு ரிம்முக்குள் ஒதுங்கி இருப்பதால், நேராக நீட்டிய தலையுள்ள கேஜைச் சாய்த்துத்தான் வைக்க வேண்டி வரும். சாய்த்து வைத்தால் ஓரத்தால் காற்றுக் கசியும், எண் குறைத்துக் காட்டும். ஒரு சாண் நீளமாவது வளையும் ஹோஸ் உள்ளதாக, முனையை வால்வில் திருகிப் பூட்டும் வகையாக இருந்தால் மிக நல்லது. இரண்டு கையும் மிஞ்சும்.

காற்றை இறக்கும் சின்ன பட்டன் உள்ள கேஜையே வாங்குங்கள். கேஜைக் கழற்றாமல், முள்ளைப் பார்த்தபடியே, 5.5இலிருந்து 5க்கு மெல்ல இறக்கலாம். இந்தப் பட்டன் இல்லாமல் ஏ.டி.வி. டயரில் வேலை செய்வது பெரிய தொல்லை. மற்றபடி, இணைப்புகள் பித்தளையா என்று பாருங்கள். கல்லடியிலோ பாணமையிலோ கடற்கரை ஓரம் முலாம் பூசிய இரும்பு எவ்வளவு காலம் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும். டயலைச் சுற்றி ரப்பர் உறை இருந்தால் விழுந்தாலும் பிழைக்கும். உள்ளே கிளிசரின் நிரப்பிய கேஜ் அதிரும் இயந்திரங்களுக்குத்தான் தேவை, நமக்கு வேண்டாம்.

தண்ணீரால் ஒரு சோதனை

வாங்கி வந்த கேஜ் உண்மை சொல்கிறதா? இதை வீட்டிலேயே, பரிசோதனைக் கூடம் இல்லாமல் பார்க்கலாம். தண்ணீர் 70 சென்ரிமீற்றர் உயரம் நின்றால் அதன் அடியில் அழுத்தம் 1 பி.எஸ்.ஐ. 2.1 மீற்றர் நின்றால் 3 பி.எஸ்.ஐ., 3.5 மீற்றர் நின்றால் 5. தண்ணீர் பொய் சொல்லாது, அதற்குப் பற்றரியும் வேண்டாம். 30 பி.எஸ்.ஐ. கேஜை இப்படிச் சோதிக்க 21 மீற்றர் உயரம் வேண்டும். நம் கேஜுக்கு ஒரு மாடி போதும். குறைந்த அழுத்தத்தில் வேலை செய்வதால் கிடைக்கும் வசதி இது.

மேசன்மார் மட்டம் பார்க்கிற தெளிந்த பிளாஸ்டிக் டியூப் 6 மீற்றர் ஹாட்வெயார் கடையில் வாங்குங்கள். டயர் கடையில் கழற்றிப் போட்ட பழைய டியூப்லெஸ் வால்வு ஒன்று கேட்டு எடுங்கள். அதன் அடியில் பருத்திருக்கும் ரப்பரைச் சீவிவிட்டு, டியூபின் ஒரு முனைக்குள் இறுக்கமாக நுழைத்துக் கிளிப் போட்டு முறுக்குங்கள். வால்வின் உள்ளே இருக்கும் பின்னைக் கழற்றிவிடுங்கள்.

இப்போது டியூபின் இரண்டு முனையையும் ஒரே உயரத்தில் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றுங்கள். சாயத்துக்குக் கொஞ்சம் பிளேன்டீ கலந்தால் மட்டம் தெளிவாகத் தெரியும். வால்வு முனைப் பக்கம் ஏறக்குறைய ஒரு மீற்றருக்குத் தண்ணீர் இல்லாமல் காற்று இருக்கட்டும். கேஜுக்குள் தண்ணீர் போகாமல் காப்பது அந்தக் காற்றுத்தான். கேஜை வால்வில் பூட்டுங்கள். பூட்டிய முனை மேல் நோக்கி இருக்கும்படி கீழே ஒரு கதிரைக் காலில் கட்டிவிட்டு, மற்ற முனையை மெல்ல மெல்ல மேலே கொண்டுபோங்கள். மாடிப் படி, தண்ணீர்த் தாங்கி நிற்கும் மேடை, சுவரில் சாய்த்த ஏணி, எது என்றாலும் சரி.

ஏற ஏற முள் அசைவதைப் பார்ப்பீர்கள். கேஜ் பக்கத்து மட்டம் கொஞ்சம் உயரும், அது உள்ளிருக்கும் காற்று நெருங்குவதால். அளக்க வேண்டியது டியூபின் நீளத்தை இல்லை. கீழே தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து மேலே தண்ணீர் நிற்கும் மட்டம் வரை, நேர் உயரம். டியூப் சுற்றி வளைந்து போனாலும் தடித்தாலும் மெலிந்தாலும் கணக்கு மாறாது. மேசன் டேப்பைத் தொங்கவிட்டு ஒருவர் மேலே, ஒருவர் கீழே நின்று பிடித்தால் வேலை சுலபம். 2.1 மீற்றரில் கேஜ் என்ன காட்டுகிறது, 2.8இல் என்ன, 3.5இல் என்ன என்று எழுதுங்கள். 3, 4, 5 வர வேண்டும்.

எங்கும் ஒரே அளவில் 0.3 கூட்டிக் காட்டுகிறது என்றால் கேஜை எறிய வேண்டாம். பின் பக்கத்தில் ஒரு டேப் ஒட்டி “0.3 கழி” என்று எழுதிவிடுங்கள். ஒரு தடவை 5, அடுத்த தடவை அதே உயரத்தில் 4.3 என்று மாறி மாறிக் காட்டினால், முதலில் பூட்டிய இடத்தில் கசிவு உண்டா என்று பாருங்கள். கசிவும் இல்லையென்றால் அந்தக் கேஜைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். எப்போதும் ஒரே மாதிரிப் பிழை விடும் கேஜோடு வாழலாம், நிலையில்லாத கேஜோடு முடியாது.

காற்றுப் பார்க்கும் முறை

காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வண்டி மட்டமான இடத்தில் நிற்கட்டும். வால்வு மூடியைக் கழற்றும் முன் அதைச் சுற்றியுள்ள மணலைத் துணியால் துடையுங்கள். மூடியைக் கழற்றிய பின் துடைத்தால் மணல் வால்வுக்குள் விழும். ஒரு மணல் பருக்கை வால்வின் ரப்பரில் உட்கார்ந்தால் போதும், இரவோடிரவாகக் காற்று இறங்கிவிடும். கேஜ் முனையையும் ஊதிவிட்டு வையுங்கள்.

நேராக வைத்து இறுக்குங்கள். ‘ஸ்ஸ்’ சத்தம் நிற்க வேண்டும். வாசியுங்கள், எடுத்துவிட்டு மறுபடி வைத்து வாசியுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் அதுதான் எண்.

அதன் பின் மறு பக்கத்து டயர். இடதும் வலதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை ஸ்டிக்கரில் உள்ள எண்ணைப் போலவே முக்கியமாக எடுங்கள். பல ஏ.டி.வி.களில் பின் சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்து சுற்றும். இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிபரன்ஷியல் கிடையாது. ஒரு டயரில் காற்றுக் குறைந்து சுற்றளவு குறைந்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும். காற்று இரண்டிலும் சமம், ஆனாலும் இழுக்கிறது என்றால் இரண்டு டயரின் சுற்றளவையும் டேப்பால் அளந்து பாருங்கள். ஒன்று மற்றதை விட அதிகமாகத் தேய்ந்திருக்கலாம்.

காற்றடிப்பதற்குக் கால் பம்போ சைக்கிள் பம்போ போதும். டயர் பெரிதானாலும் அழுத்தம் கொஞ்சம்தானே. டயர் கடைக் கம்பிரசரில் அடிப்பதென்றால் பக்கத்திலேயே நில்லுங்கள். இப்படித்தான் பேச்சு நடக்கும்:

“அண்ணன், நாலுக்கும் அஞ்சு போதும்.”

“அஞ்சா? இருபத்தஞ்சா தம்பி?”

“அஞ்சுதான் அண்ணன். நான் கேஜ் வைச்சுப் பாக்கிறன், நீங்க கொஞ்சம் கொஞ்சமா விடுங்க.”

அவர் கேட்பது நியாயம். பல கடைகளில் ஹோஸில் மாட்டியிருக்கும் கேஜில் முதல் எண்ணே 10. 5 என்று அதில் நின்று காட்ட இடமே இல்லை. கம்பிரசரிலிருந்து வரும் காற்றோ நூறு பி.எஸ்.ஐ.க்கு மேல், விரல் அசைந்தால் எண் தாண்டிவிடும். கொஞ்சம் கூடப் போகவிட்டு, பிறகு உங்கள் கேஜின் பட்டனால் 5க்கு இறக்குங்கள். ஒரு எச்சரிக்கை: கடையில் அடித்த டயரில் உங்கள் 0–15 கேஜை உடனே மாட்ட வேண்டாம். கடைக் கேஜில் முள் 10க்குக் கீழே நிற்கிறது என்று பார்த்த பிறகு மாட்டுங்கள். சந்தேகமாக இருந்தால் வால்வின் பின்னை நகத்தால் அழுத்திக் கொஞ்சக் காற்றை விட்டுவிட்டு மாட்டுங்கள்.

கச்சான் வீசும் நாட்களில்

வைகாசி, ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது மட்டக்களப்பில் மதியம் எப்படிக் கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அறுகம் குடாவிலும் பாசிக்குடாவிலும் கூட்டம் வருவதும் அந்த மாதங்களில்தான். வண்டி வெயிலில் நிற்கும், டயர் கறுப்பு, கீழே மணல் சுடும்.

காலையில் 25 பாகையில் 5 பி.எஸ்.ஐ. வைத்தீர்கள் என்று எடுங்கள். மதியம் டயருக்குள் காற்று 45 பாகைக்கு வந்தால் கேஜ் 6.3 காட்டும். நாம் 5 என்று வாசிப்பது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள மிச்சத்தை மட்டும்; வெளிக்காற்றின் 14.7ஐயும் சேர்த்து உள்ளே இருப்பது 19.7. சூடு பெருக்குவது அந்த 19.7 முழுவதையும். அதனால்தான் 10 பாகைக்கு 0.6, 0.7 என்று ஏறுகிறது. 5 பி.எஸ்.ஐ. டயரில் இது நாலில் ஒரு பங்கு ஏற்றம்.

மதியம் 6.3 பார்த்ததும் காற்றை இறக்கிவிடாதீர்கள். இறக்கினால் மறுநாள் காலை 3.8க்குப் பக்கத்தில் வந்து நிற்கும், நீங்கள் வைத்த 5க்கு நன்றாகக் கீழே. கைநூல் சொல்லும் எண் குளிர்ந்த டயருக்கான எண். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். நிழல் இல்லையென்றால் ஒரு தென்னோலையையாவது டயர் மேல் போடுங்கள்.

மணலில் இன்னும் குறைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கைநூலில் குறைந்தபட்சம் என்று போட்டிருக்கும் எண் வரை போகலாம், அதற்குக் கீழே வேண்டாம். காற்றுச் சரியா என்று கண்ணால் பார்க்கவும் ஒரு வழி உண்டு. அலை வந்து போன ஈர மணலில் மெதுவாகப் பத்தடி ஓட்டிவிட்டு இறங்கித் தடத்தைப் பாருங்கள். டயரின் நடுக் கட்டைகள் மட்டும் ஆழமாகப் பதிந்து ஓரம் மங்கலாக இருந்தால் காற்று அதிகம். ஓரம் ஆழமாகி நடு மங்கினால் குறைவு. தடம் முழு அகலத்துக்கும் ஒரே மாதிரி விழுந்தால் சரி. இதைப் பார்க்கப் போகும்போது கரைவலை இழுக்கிற இடத்தையும், ஆமை முட்டையிடுகிற மணலையும் விட்டு விலகி ஓட்டுங்கள். அவர்களுக்கும் அவற்றுக்கும் அந்தக் கரைதான் வாழ்வு. தார் வீதிக்கு இந்த டயர் செய்யப்படவில்லை, வேகமாக வளைத்தால் வண்டி சொல்வழி கேட்காது.

கேஜைப் பாதுகாப்பது

ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முனையைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள். வண்டிப் பெட்டியில் சாவிகளோடு சேர்த்துப் போட்டால் அடிபட்டுப் பூச்சியம் மாறும். நல்ல உயரத்திலிருந்து விழுந்தால், முள் சரியாக நின்றாலும், தண்ணீர்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள். செய்து வைத்த டியூபைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டால் அடுத்த தடவை நேரம் எடுக்காது. சீசன் தொடங்கும் முன் ஒன்று, மாரி மழை முடிந்த பின் ஒன்று என்று செய்தால் போதும்.

அக்கம் பக்கத்தவர் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றுப் பார்க்க இரவல் கேட்பார்கள். மறுக்க மனம் வராது. அதற்கென்று ஒரு சாதாரண 0–60 கேஜை வாங்கிக் கிட்டவே வைத்து, அதைக் கொடுங்கள். உங்கள் கேஜின் உறையில் பெயின்ற்றால் பெரிதாக “15க்கு மேல் வேண்டாம்” என்று எழுதிவிடுங்கள்; நீங்கள் இல்லாத நேரத்தில் எடுக்கிறவர்களுக்கும் தெரியும்.